பழைய ஜிப்ஸியும் அறுபதில் வரும் ஆட்டமும்

நண்பன் ஒருவன் பழைய மாருதி ஜிப்ஸி ஜீப் ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறான். "நீதான் பல வருஷமா வச்சிருக்கியே, எடுக்கலாமா வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லு" என்றான். கேட்ட நேரம் சரியில்லை. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஸ்டீயரிங் ஆட்டத்துக்காக முன் ஆக்ஸில் (அச்சு) வேலை முடிந்து என் வண்டி வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பில் இன்னும் டேஷ்போர்டு மேலேயே கிடக்கிறது. எரிச்சலோடுதான் எழுதுகிறேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

என்னுடையது 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் போட்ட ஜிப்ஸி கிங், துணிக் கூரை. நான் மாற்றியது அதிகமில்லை. கம்பெனி டயரைவிடப் பெரிய 235/75 ஆர்15 டயர், ஸ்பிரிங் பட்டறையில் கட்டிய கனமான லீஃப் செட் (பட்டை ஸ்பிரிங்), அடியில் தகடு, முன்னும் பின்னும் இழுவைக் கொக்கி. லீஃபை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றிக் கட்டினால் ஐந்து இன்ச் வரை உயரும் என்று ஆசை காட்டினார்கள். உயரும். ஸ்டீயரிங் ராடின் கோணத்தையும் சேர்த்துச் சரிசெய்யாவிட்டால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தன் இஷ்டத்துக்குத் திரும்பும். வேண்டாம் என்றுவிட்டேன்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். சென்னை மதுரவாயல் பைபாஸில் மீட்டர் அறுபதைக் காட்டும். டயர் பெரிது என்பதால் உண்மையில் அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். பாலத்தின் இணைப்பில் ஒரு சின்னத் தட்டு. அவ்வளவுதான், ஸ்டீயரிங் இடமும் வலமும் வெட்ட ஆரம்பிக்கும். கையால் பிடித்து அடக்க முடியாது. பின்னால் லாரி ஹாரன் அடிக்க, ஏறக்குறைய நிற்கிற அளவுக்கு வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதன் பிறகு வீடு வரும்வரை பேச மாட்டார்.

முதலில் வீல் பேலன்ஸிங் என்றார்கள். அப்புறம் அலைன்மென்ட். அப்புறம் சக்கரங்களைத் திருப்பும் டை ராடின் முனைகள். கடைசியில் ஒரு பெரிய பட்டறையில் புதிய ஸ்டீயரிங் டேம்பர் மாட்டி, "இனிமே வராது சார்" என்று அனுப்பினார்கள். சில மாதம் வரவில்லைதான். டேம்பர் ஆட்டத்தை அமுக்கும், அதன் காரணத்தைத் தொடாது. காரணம் உள்ளே, முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பக் கீல் மாதிரி இருக்கும் கிங் பின்னின் பேரிங்கில் இருந்தது. ஒரு பக்கத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, மொத்தம் நான்கு. புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அங்கே வாங்காதீர்கள், ஜி.பி. ரோட்டில் நல்ல கம்பெனி பேரிங்காகப் பார்த்து எடுங்கள். போடும்போது நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்து, இறுக்கத்துக்குத் தகுந்த ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும். அந்தத் தராசைக் கையில் எடுக்கும் பொறுமை உள்ள மெக்கானிக் சென்னையில் அபூர்வம். பெரும்பாலோர் கையால் அசைத்துப் பார்த்து "கரெக்டா இருக்கு" என்பார்கள்.

இந்தப் பேரிங் ஏன் போகிறது என்று பார்த்தால், வண்டியில் எனக்குப் பிடித்த விஷயத்திலேயே போய் முடிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணைப் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர். கார்கள் கதவு உயரத்துக்கு முங்கி நின்றன. இது நிதானமாக, இழுவை கூடிய லோ ரேஞ்ச் கியரில், பாலும் மருந்தும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு போய் வந்தது. எடை ஒரு டன்னை ஒட்டித்தான் என்பதால் மழைக்குப் பிறகு படப்பைப் பக்கத்து ஏரிச் சேற்றிலும் அப்படித்தான். இரண்டு டன் வண்டிகள் அச்சு வரை புதைந்து வின்ச் கேபிளை இழுத்துக்கொண்டிருக்கும்போது இது எருமை மாதிரி அலட்டாமல் கரையேறிவிடும். அந்தச் சுகத்தை எனக்கு வேறெந்த வண்டியும் தந்ததில்லை. ஆனால் நக்கிளின் பின்புறம் இருக்கும் ரப்பர் சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் அந்தத் தண்ணீர் உள்ளே போகும், கிரீஸைக் கழுவும், பேரிங் துருப்பிடிக்கும். அடுத்த கோடையில் பைபாஸில் ஆட்டம். மழைக்காலம் முடிந்ததும் நக்கிளைத் திறந்து கிரீஸ் மாற்றாவிட்டால் இது வருடாந்திரக் கதை.

கடற்கரை மணலில் ஓட்டலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஈ.சி.ஆர். பக்கம் கடற்கரையில் வண்டியை இறக்காதீர்கள். ஜனவரி தொடங்கி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் இடம் அது. உப்பு சேஸிஸைத் தின்னும் கணக்கு தனி.

காகித வேலையும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் கெடுபிடி அதிகம். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. அங்கே போகும்போது மாட்டுவதற்காகவே கம்பெனி கொடுத்த பழைய 205/70 டயர் செட் மொட்டை மாடியில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

இவ்வளவு படித்தால் நான் வாங்கச் சொல்வது போலத் தெரியும். இல்லை நண்பா, வாங்காதே. உற்பத்தி நின்ற பிறகு இதற்குக் கேட்கிற விலை அநியாயம். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு மாருதியின் ஜிம்னியைப் பார். அதிலும் முன்னால் அதே மாதிரி கிங் பின்தான் என்பது வேறு விஷயம், டேம்பரைத் தொழிற்சாலையிலேயே மாட்டித் தருகிறார்கள்.

எப்படியும் என் பேச்சைக் கேட்க மாட்டாய். அதனால், பார்க்கப் போகும்போது ஜாக்கி எடுத்துக்கொண்டு போ. முன் சக்கரத்தைத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டு. அசைந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டு. பிரேக் மிதித்ததும் அசைவு நின்றால் அது வீல் பேரிங், சின்னச் செலவு. மிதித்த பிறகும் அசைந்தால் கிங் பின். அங்கிருந்தே எனக்கு போன் பண்ணு, விலையில் எவ்வளவு குறைக்கச் சொல்லலாம் என்று பேசுவோம்.