லீனியரா, ஆன்டெனாவா: அடுத்த பணத்தை எதில் போடுவது?

"எனக்கு எல்லாரும் கேட்கிறார்கள், என்னைத்தான் யாருக்கும் கேட்கவில்லை, ஒரு லீனியர் வாங்கிவிடலாமா?" லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் ரேடியோவுக்குப் புதிதாக வந்தவர்கள் கொஞ்ச நாளில் கேட்டே தீரும் கேள்வி இது. லீனியர் என்பது ரிக், அதாவது ரேடியோப் பெட்டி, அனுப்பும் வாட்டைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர். என் பதில், முதலில் மொட்டை மாடிக்கு ஏறி ஆன்டெனாவையும் கேபிளையும் பாருங்கள் என்பதுதான்.

கணக்கைப் பார்த்துவிடலாம். 100 வாட்டை லீனியர் போட்டு 400 வாட் ஆக்கினால் கிடைப்பது 6 டெசிபெல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அளவு). எதிர்முனைக்காரரின் ரிக்கில் சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டரில் அது ஒரே ஒரு புள்ளி. 1000 வாட் வரை போனாலும் 10 டெசிபெல்தான், இரண்டு புள்ளிகூட முழுசாக வராது. உங்கள் காதில் விழுவதோ முன்பு எப்படியோ அப்படியேதான் இருக்கும். ஆன்டெனாவில் போட்ட பணம் பேசுவதற்கும் கேட்பதற்கும் சேர்த்து வேலை செய்யும். (லைசென்ஸில் உங்களுக்கு எத்தனை வாட் அனுமதி என்பது தனிக் கதை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இரண்டு மீட்டர் பேண்டில் (பேண்டின் பெயரில் வரும் மீட்டர் அலைநீளம்) பணம் கரைவது கேபிளில். மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 30 மீட்டர் இழுத்தால் 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 6 டெசிபெல் போய்விடும். ரிக்கிலிருந்து கிளம்பும் 50 வாட்டில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 12 வாட் சொச்சம். அதே நீளத்துக்கு ஆர்ஜி-213 போட்டால் 25 வாட்டுக்கு மேல் சேரும், எல்எம்ஆர்-400 என்றால் 35 வாட். இதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. மேலே ஆன்டெனா கழன்றே கிடந்தாலும், போகும்போது 6, திரும்பி வரும்போது 6 என்று கேபிளே தின்றுவிடுவதால், கீழே மீட்டரில் எஸ்டபிள்யூஆர் (அனுப்பியதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.7 என்று சாதுவாகக் காட்டும். ஆக, "எஸ்டபிள்யூஆர் நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால், மீட்டரை எங்கே வைத்துப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். மேலே, ஆன்டெனா காலடியில் வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும். கடலோர ஊர்க்காரர்கள் கையோடு கேபிள் முனையில் இருக்கும் பிஎல்-259 கனெக்டரையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். உள்ளே கேபிளின் செம்புப் பின்னல் பச்சையாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, புதுக் கனெக்டர் போட்டு, தன்னோடு தானே ஒட்டி இறுகும் செல்ஃப் அமால்கமேட்டிங் டேப் சுற்றுவதுதான் வழி. வெறும் இன்சுலேஷன் டேப் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

ஆனால் இதே கேபிள் வாதத்தை 40 மீட்டர் பேண்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். 7 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் ஆர்ஜி-58 தின்பது ஒரு டெசிபெல்லுக்கும் குறைவு. அங்கே தடிமனான கேபிளுக்குச் செலவழிப்பது வீண், அந்தக் காசில் கம்பத்தை உயர்த்துங்கள்.

அப்புறம், எந்த ஆன்டெனா? மாடியில் கட்ட இரண்டுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்: கம்பியின் நடுவில் கேபிள் சேரும் டைபோல், ஓரத்தில் கேபிள் சேரும் எண்ட்-ஃபெட். 40 மீட்டர் பேண்டுக்கு இரண்டிலும் கம்பி சுமார் 20 மீட்டர்தான். எண்ட்-ஃபெட் கட்டுவது சுலபம், தண்ணீர்த் தொட்டியில் ஒரு முனை, தென்னை மரத்தில் மறுமுனை, கேபிளுக்கும் கம்பிக்கும் நடுவே 49-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, 40, 20, 15, 10 நான்கு பேண்டிலும் பேசலாம். டைபோல் அதே நீளத்தில் 40-உம் 15-உம்தான் தரும். இவ்வளவு இருந்தும் நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு நான் டைபோலைத்தான் சொல்வேன். எண்ட்-ஃபெட்டில் கேபிளின் வெளித்தோலே ஆன்டெனாவின் மிச்சப் பாதியாக வேலை செய்கிறது, அதனால் வீட்டுக்குள் எல்இடி பல்பும் செல்போன் சார்ஜரும் இன்வெர்ட்டரும் கக்கும் இரைச்சலையெல்லாம் அது வாரிக்கொண்டு வரும். கட்டாயம் அதுதான் வேண்டும் என்றால், எஃப்டி240-31 ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி, வெளித்தோல் வழியே பாய்வதைத் தடுக்கும் ஒரு சோக் போட்டுவிடுங்கள்.

இரைச்சல் வீட்டுக்குள்ளிருந்து வருகிறதா என்பதைக் காசில்லாமல் கண்டுபிடிக்கலாம்: ரிக்கை பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயினை அணைத்து, இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டு எஸ் மீட்டரைப் பாருங்கள். ஏழிலிருந்து மூன்றுக்கு இறங்கினால் எதிரி வீட்டுக்குள்தான்.

புது ரிக் வாங்கினால் சரியாகிவிடுமா? ஆன்டெனா கேபிளைப் பிடுங்குங்கள். ஸ்பீக்கர் சட்டென்று அமைதியானால் உங்கள் ரிசீவர் நன்றாகவே இருக்கிறது, பேண்டில் இருக்கும் இரைச்சல்தான் தடை, புது ரிக் அதற்கு மேல் அதிகம் செய்துவிடாது. பேசும்போது குரல் உடைகிறது என்று யாராவது சொன்னால் ரிக்கைச் சந்தேகப்படும் முன், பேசும் நேரத்தில் ரிக்கின் பின்னால் வரும் டிசி வோல்டேஜை அளந்து பாருங்கள். 100 வாட் ரிக் இருபது ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சப்ளையில் 13.8 இருக்கும், மெல்லிய ஒயர் வழியே வந்து சேரும்போது 12-க்குக் கீழே போயிருக்கும்.

ஹாம் அல்லாத பொதுமக்கள் பேசும் சிட்டிசன் பேண்டில் இந்தப் பட்டிமன்றமே கிடையாது. இந்தியாவில் 27 மெகாஹெர்ட்ஸில் லைசென்ஸ் இல்லாமல் 5 வாட்தான், அமெரிக்காவிலும் ஏஎம்-இல் 4 வாட்தான், லீனியர் போடுவது அங்கே சட்ட விரோதம். காந்தத்தால் ஒட்டும் குட்டி ஆன்டெனாவைத் தூக்கிவிட்டு முழுக் கால் அலைநீள விப் (நீளக் கம்பி ஆன்டெனா) போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

லீனியர் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. நல்ல உயரத்தில் ஆன்டெனா, நல்ல கேபிள், அமைதியான ரிசீவர் எல்லாம் முடித்துவிட்டீர்கள், தூர தேசத்து அரிய ஸ்டேஷனைக் கூப்பிடும் கூட்டத்தில் மட்டும் தோற்கிறீர்கள் என்றால் அந்த ஒரு புள்ளி பேசும். அபார்ட்மெண்டில் ஆன்டெனா வைக்க முடியாதவர்கள்தான் லீனியருக்கு அதிகம் ஆசைப்படுகிறார்கள், ஆனால் பால்கனிக் கம்பியில் 400 வாட் விட்டால் பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் நீங்கள்தான் பேசுவீர்கள். அவர்களுக்கு, கம்ப்யூட்டர் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்டி8 முறை போதும். இரைச்சலுக்கு 20 டெசிபெல் அடியில் கிடக்கும் சிக்னலையும் அது பிடித்துவிடும், மென்பொருளும் இலவசம். என்ன, அதில் அரட்டை அடிக்க முடியாது: கால்சைன் (ஹாமின் அழைப்புப் பெயர்), கிரிட் (இருக்கும் இடத்தின் குறியீடு), ரிப்போர்ட் (சிக்னல் அளவு), 73 (விடைபெறும் வாழ்த்து), அவ்வளவுதான்.