மறுமணத்துக்கு முன் பார்க்க வேண்டிய சைல்ட் மெயின்டனன்ஸ் கால்குலேட்டர்

இலண்டனில் எங்கள் ஆட்களிடையே ஒரு பயம் உண்டு. பிரிந்து வாழும் தாய் மறுமணம் செய்தால், புதுக் கணவரின் சம்பளத்தைக் காட்டிப் பிள்ளைகளின் தகப்பன், பிள்ளைகளுக்குக் கட்டும் பராமரிப்புக் காசை (சைல்ட் மெயின்டனன்ஸ்) குறைத்துவிடுவார் என்று. எனக்கும் அக்கா அதைச் சொல்லித்தான் தடுத்தார். பிரிட்டன் அரசின் இணையதளத்தில் இருக்கும் சைல்ட் மெயின்டனன்ஸ் கால்குலேட்டரைப் பார்த்தபிறகு எனக்கு அந்தப் பயம் போய்விட்டது. இலவசம்தான்.

காசு கட்டுபவரின் வரிக்கு முந்திய சம்பளம், எத்தனை பிள்ளைகள், வருடத்தில் எத்தனை இரவு அவரிடம் தங்குகிறார்கள், அவர் வீட்டில் வேறு பிள்ளைகள் உண்டா: கணக்கு இவற்றை வைத்துத்தான். என் சம்பளத்துக்கே அதில் இடமில்லை, அப்புறம் என் புதுக் கணவரின் சம்பளம் எப்படி வரும்? காசு கட்டுபவருடைய புது மனைவி உழைப்பதும் வராது.

ஆனால் அந்த மனைவியின் பிள்ளைகள் வருகிறார்கள். வாரம் 600 பவுண் உழைப்பவர், பிள்ளைகள் அவரிடம் இரவு தங்காவிட்டால், இரண்டு பிள்ளைகளுக்கு 16 வீதம், அதாவது 96 பவுண் கட்ட வேண்டும். அவரோடு இன்னொரு பிள்ளை வாழ்ந்தால், அது மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளையானாலும், சம்பளத்தில் 11 வீதத்தைக் கழித்து 534 பவுணுக்குத்தான் கணக்கு. என் பிள்ளைகளுக்கு 85 பவுண் 44 பென்ஸ். மனைவி எவ்வளவு பெரிய உத்தியோகத்தில் இருந்தாலும் இந்தக் கழிவு உண்டு. இது எனக்கு ஒப்பவில்லை. அவளுடைய சம்பளத்தைத் தொடக்கூடாது என்பது சரி. அப்படியானால் அவளுடைய பிள்ளையின் செலவை மட்டும் என் பிள்ளைகளின் பங்கிலிருந்து ஏன் எடுக்க வேண்டும்?

கடை வைத்திருப்பவரின் பிள்ளைகளுக்கு இந்தக் கருவி போதாது. லாபத்தைப் புது மனைவி பெயரில் சம்பளமாக எழுதி, தன் வருமானத்தைக் குறைத்துக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். கால்குலேட்டருக்கு அது தெரியாது, நாங்கள் போடும் தொகையைத்தான் அது நம்பும். அந்த நிலையில், இந்தக் காசைக் கணக்கிடும் அரச அமைப்பான சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸிடம் 'வேரியேஷன்', அதாவது கணக்கில் மாற்றம், கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அவருக்கு வருடம் 2,500 பவுணுக்கு மேல் வீட்டு வாடகை போன்ற வருமானம் வந்தாலும் அப்படித்தான். இதைக் கணக்கின் விடையோடு பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

இந்த சர்வீஸில் முதலில் சேர விண்ணப்பிப்பதற்கு இருந்த 20 பவுண் கட்டணம் 2024 பெப்ரவரியில் நீக்கப்பட்டது. ஆனால் அவர்களே காசை வாங்கித் தரும் முறைக்குப் போனால் கட்டுபவரிடம் மேலதிகமாக 20 வீதமும், எங்களுக்கு வருவதில் 4 வீதமும் எடுப்பார்கள்.

கணக்குப் போடும்போது கைக்கு வரும் சம்பளத்தைப் போடாதீர்கள், விடை குறைந்துவிடும். அவர் பென்ஷனுக்குக் கட்டும் தொகையை மட்டும் முதலில் கழியுங்கள்.