கசவுப் புடவைக்கு ஆட்டோவா, லெவல்ஸா?

செங்கோட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்கு முகூர்த்த மாதங்களில் பாதி வேலை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில்தான். ஆரியங்காவு தாண்டிப் புனலூர் வரை போவேன். இங்கே மணப்பெண் அரக்குப் பட்டில் நிற்பாள். அங்கே பலருக்கும் கசவு, பொன் ஜரிகைக் கரை வைத்த பாலாடை நிறப் புடவை. படத்தில் அரக்குப் பட்டின் நிறத்தை எந்த முறையில் திருத்தினாலும் பெரிய சேதம் தெரியாது. கசவு அப்படி விடாது.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஆல்பம் முழுவதையும் படம் திருத்தும் கிம்ப் மென்பொருளின் ஆட்டோ வொயிட் பேலன்ஸில் (நிறச் சாய்வைத் தானாகவே சரிசெய்யும் கட்டளை) திருத்தி அச்சிட்டுக் கொடுத்தேன். பெண்ணின் அம்மா அந்தப் புடவையையே எடுத்துவந்து ஆல்பத்தின் மேல் விரித்தார். புடவை பாலாடை நிறம். படத்தில் இருந்ததோ நீலம் போட்டு வெளுத்த வேட்டியின் நிறம். ஜரிகையிலும் பொன் இல்லை. மறுபடி அச்சிட்டுக் கொடுத்தேன். அன்று முதல் லெவல்ஸ் என்ற கருவியில், நிறங்களின் அளவைக் கையால் நகர்த்தி, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே பார்த்துத்தான் திருத்துகிறேன்.

ஆட்டோ ஒரே சொடுக்கில் முடிந்துவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும், எந்த அளவில் எத்தனை பிக்சல்கள் என்று காட்டும் வரைபடம் ஹிஸ்டோகிராம்; இடது ஓரம் 0, வலது ஓரம் 255. ஆட்டோ மூன்று ஹிஸ்டோகிராம்களிலும் இரு ஓரங்களில் இருக்கும் 0.05 சதவீதப் பிக்சல்களை ஒதுக்கிவிட்டு, மீதியை 0 முதல் 255 வரை இழுத்து நிரப்புகிறது. சாயம் மங்கிச் சிவந்துபோன பழைய பிரிண்டுகளை ஸ்கேன் செய்து தருவதற்கு இன்றும் அதைத்தான் முதலில் அழுத்துகிறேன்.

கசவில் அது தவறுவதற்குக் காரணம் நீலம். படத்தில் மிக வெளிச்சமான பரப்பு புடவைதான். அதில் நீலம் 200-ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது. மண்டபத்து மஞ்சள் விளக்கு அதற்குப் பாதிக் காரணம், துணியின் சொந்த நிறம் மீதி. ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தில் தெரியும் வெற்றிடத்தில் எது விளக்கால் வந்தது, எது நூலால் வந்தது என்று எழுதியிருக்காது. ஆட்டோ இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது.

இரண்டையும் பிரிக்க எனக்கு உதவுவது மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை. சட்டையை மட்டும் தேர்வு செய்தால் ஹிஸ்டோகிராம் அந்தப் பகுதியின் சராசரியைக் காட்டும். ஒரு படத்தில் சிவப்பு 228, பச்சை 221, நீலம் 196. தேர்வை நீக்கிவிட்டு, லெவல்ஸில் பச்சையின் வலது முனையை 247-க்கும் நீலத்தின் வலது முனையை 219-க்கும் நகர்த்தினேன்; அந்த அளவுகள் இனி 255 ஆகும், கீழே உள்ளவையும் அதே விகிதத்தில் ஏறும். சட்டையில் மூன்றும் 228-இல் கூடின. புடவை அதே வரிசையில் 240, 229, 194-லிருந்து 240, 236, 226 ஆனது. விளக்கின் மஞ்சள் போய், நூலின் மஞ்சள் தங்கிவிட்டது. அதற்கு மேல் நீலத்தை ஒரு புள்ளி கூட இழுக்கத் தேவையில்லை.

சாம்பல் புள்ளியைத் தொட்டுத் திருத்தும் ஐட்ராப்பரும் இதே வேலையை வேகமாகச் செய்யும். ஆனால் ஒற்றைப் பிக்சலைத் தொட்டால் இரைச்சலுக்கு (படத்தில் பிக்சலுக்குப் பிக்சல் தாறுமாறாக மாறும் புள்ளிகள்) ஏற்ப ஒவ்வொரு சொடுக்கிலும் நிறம் மாறும். சராசரி எடுக்கும் பரப்பைப் பெரிதாக வைத்துக்கொள்ள வேண்டும். கோட்டை வளைத்து வெளிச்சத்தையும் நிழலையும் தனித்தனியே திருத்தும் கர்வ்ஸை நான் சில மாதங்களாகத்தான் பழகுகிறேன். நிழலில் ஒரு நிறமும் வெளிச்சத்தில் வேறு நிறமும் ஏறிய படங்களில் அது லெவல்ஸை வெல்லும் என்று தோன்றுகிறது. அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.

நிறத்துக்கு 256 படிகள் மட்டுமே உள்ள 8 பிட் ஜேபெக் படத்தை இரண்டு முறை இப்படி இழுத்தால் ஹிஸ்டோகிராம் சீப்புப் பல் போல இடைவெளி விடும், வானத்தில் பட்டை விழும். அதனால் எப்போதும் மூலப் படத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒரே விளக்கில் எடுத்த படங்களுக்கு ஒரே அமைப்பைச் சேமித்து வைத்துப் போடுவதால் நேரமும் அதிகம் போவதில்லை. நிலவிளக்கு (குத்துவிளக்கு) ஏற்றும் படங்களை மட்டும் அந்த அமைப்பில் சேர்ப்பதில்லை. அங்கே முகத்தில் விழும் மஞ்சள் அப்படியே இருக்கட்டும்.