லாராவெலில் கடைக்கொரு சப்டொமைன்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கம்பம், கூடலூர், குமுளி, போடி வட்டாரத்து ஏலக்காய், மிளகு வியாபாரிகளுக்காக, விலைப்பட்டியலும் ஆர்டர் பதிவும் கொண்ட வலைச்செயலி ஒன்றைச் சில ஆண்டுகளாக லாராவெலில் (பிஎச்பி மொழியில் வலைச்செயலி எழுத உதவும் ஃபிரேம்வொர்க்) நடத்தி வருகிறேன். ஒவ்வொரு கடைக்கும் தனி சப்டொமைன், அதாவது முதன்மை டொமைனுக்கு முன்னால் கடைப்பெயர் சேர்ந்த முகவரி, உண்டு. புத்தடியிலும் போடியிலும் மின்னணு ஏலம் முடிந்த கையோடு விலை மாறிவிடும் தொழில் என்பதால், வாடிக்கையாளர் வேறெங்கும் சுற்றாமல் தம் கடையின் விலைக்கே நேராக வந்து சேர வேண்டும் என்று வியாபாரிகள் விரும்பினார்கள்.

ஃபிரேம்வொர்க் செய்ய வேண்டிய வேலை மிகச் சிறியது. ரூட் (எந்த முகவரிக்கு எந்த நிரல் என்று சொல்லும் விதி) குழுவுக்கு டொமைனைக் குறிப்பிட்டு, அதன் முதல் பகுதியை மாறியாகக் கொடுத்துவிட்டால், உலாவி அனுப்பும் ஹோஸ்ட் தலைப்பிலிருந்து கடையின் பெயரை லாராவெல் எடுத்துத் தந்துவிடும். சப்டொமைன் ரூட்களை முதன்மை டொமைன் ரூட்களுக்கு முன்பாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதும், "மெயில்", "அட்மின்" போன்ற பெயர்களை எந்தக் கடைக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதும் மட்டுமே கவனத்துக்குரியவை. கோரிக்கையைக் கையாளும் கன்ட்ரோலரின் ஒவ்வொரு செயற்கூறுக்கும் கடைப்பெயர் வந்துகொண்டே இருப்பது எனக்கு எரிச்சலூட்டியது. கோரிக்கை கன்ட்ரோலரை அடையும் முன்பே ஓடும் மிடில்வேரிலேயே கடையைக் கண்டறிந்து, அந்த அளவுருவை அங்கேயே நீக்கி, இணைப்புகளை உருவாக்குவதற்கான இயல்பு மதிப்பாக அதை வைத்த பிறகு நிரல் தெளிவாயிற்று.

நான் அதிகம் யோசித்தது குக்கீயைப் பற்றித்தான். உள்நுழைவை நினைவில் வைக்கும் செஷன் குக்கீயின் டொமைனை முதன்மை டொமைனாக அமைத்தால் ஒருமுறை உள்நுழைந்தவர் எல்லாச் சப்டொமைன்களிலும் உள்நுழைந்தவராகவே இருப்பார். பல வழிகாட்டிகள் இதை வசதியென்று பரிந்துரைக்கின்றன. ஆனால் ஒரே கடைவீதியில் எதிரெதிரே போட்டியிடும் இருவர் எங்கள் செயலியில் அடுத்தடுத்த சப்டொமைன்களில் இருக்கிறார்கள். ஆகவே அந்த அமைப்பை வெறுமையாக விட்டேன்; அப்போது குக்கீ அது பிறந்த ஹோஸ்டுக்கு மட்டுமே திரும்பி வரும். செஷன் தரவு சேவையகத்தில் ஒரே இடத்தில் இருப்பதால் குக்கீயின் எல்லை மட்டும் போதாது; செஷனில் கடையின் எண்ணையும் எழுதி, ஒவ்வொரு கோரிக்கையிலும் ஹோஸ்டுடன் ஒப்பிட்டே உள்ளே விடுகிறோம்.

டொமைன் பெயரைச் சேவையகத்தின் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில் நட்சத்திரக் குறியிட்ட ஒரே பதிவு எல்லாக் கடைகளையும் தாங்குகிறது. எனினும் ஒரு கடையின் பெயரில் தனியாக எந்தப் பதிவைச் சேர்த்தாலும், அது வெறும் டெக்ஸ்ட் பதிவாக இருந்தாலும், அந்தப் பெயருக்குப் பொதுப்பதிவு செல்லாது என்பதைப் புதிதாகத் தொடங்குவோர் அறிந்திருப்பது நல்லது. இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட், எல்லாச் சப்டொமைன்களுக்கும் பொதுவான வைல்ட்கார்டு சான்றிதழை 2018 முதல் தருகிறது. அதற்கு டிஎன்எஸ் வழிச் சோதனை (டொமைன் நம்முடையதுதான் என்று டிஎன்எஸ் பதிவால் காட்டுவது) கட்டாயம் என்பதால், பதிவுகளை நிரல் வழியே மாற்றும் ஏபிஐ இல்லாத டிஎன்எஸ் சேவையில் தானியங்கிப் புதுப்பிப்பு கடினம். அச்சான்றிதழ் ஒரு படி ஆழத்தை மட்டுமே ஏற்கும். இனிஷியலை இடையில் புள்ளியோடு எழுதும் பழக்கம் நம் பக்கத்துக் கடைப்பலகைகளில் மிகுதி. முகவரியிலும் அப்படியே புள்ளி வைத்தால் இன்னொரு படி உருவாகி உலாவி எச்சரிக்கும். எனவே பதிவுப் படிவத்தில் சிறிய ஆங்கில எழுத்து, எண், நடுவில் சிறுகோடு ஆகியவற்றை மட்டுமே அனுமதிக்கிறோம். தமிழிலோ மலையாளத்திலோ பெயர் வைக்கத் தடையில்லைதான், ஆனால் அது சில இடங்களில் புரியாத எழுத்துக்கோவையாகத் தெரிவதால் வியாபாரிகளே தவிர்த்துவிட்டார்கள்.

நிரல் எழுதும் கணினியில், பெயர்களுக்கு முகவரி குறித்து வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் நட்சத்திரக் குறி செல்லாது. லோக்கல்ஹோஸ்ட் என முடியும் பெயர்களைக் குரோம் தானாகவே அதே கணினிக்கு அனுப்புவதால் அதுவே போதுமானதாக இருக்கிறது.

வளர்ந்த கடைகள் சில இப்போது சொந்த டொமைன் கேட்கின்றன. ஒரே அடிப்படை டொமைனை நம்பும் ரூட் விதி அவர்களுக்கு உதவாது என்பதால், ஹோஸ்ட் பெயரை அட்டவணையில் தேடிக் கடையைக் கண்டறியும் பொறுப்பை முழுவதும் மிடில்வேருக்கே மாற்றி வருகிறேன். அந்த டொமைன்களுக்குத் தனித்தனிச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தாலும், அவற்றுக்கு, தளத்திலேயே ஒரு கோப்பை வைத்துக் காட்டும் எச்டிடிபி வழிச் சோதனையே போதும்.