ஹேவ்லாக்கில் ஸ்கூபா டைவிங் முன்பதிவு செய்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அந்தமான் சுற்றுலாத் திட்டங்கள் பெரும்பாலானவற்றில், 2018 இறுதியில் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக்கில் ஒரு ஸ்கூபா டைவும் சேர்த்தே விற்கப்படுகிறது. அப்படி விற்கப்பட்ட ஒரு டைவில் என் தம்பியின் செவிப்பறை காயப்பட்டது; எங்கள் கண்ணெதிரே பவளமும் உடைக்கப்பட்டது. அடுத்து அங்கே செல்லவிருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சென்னையில் இருக்கும் முகவர் எங்களிடம் சொன்னது இது: ஒருவருக்கு ஒரு பயிற்றுநர், 12 மீட்டர் ஆழம் வரை, நாற்பது நிமிடம், புகைப்படங்கள் இலவசம். முதலில் அவர் டைவை ஊர் திரும்பும் நாள் காலையில் வைத்திருந்தார். ஒரே ஒரு டைவ் செய்தாலும் குறைந்தது 12 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும் என்று எடுத்துச் சொல்லி நாங்கள்தான் அதை மாற்ற வைத்தோம்.

கடற்கரையில் எங்களை எதிர்கொண்டது நாங்கள் கேள்விப்பட்டிராத வேறொரு நிறுவனம். மருத்துவப் படிவத்தில் சளி, சைனஸ் பற்றிய கேள்விக்குத் தம்பி ‘ஆம்’ என்று எழுதி, மூக்கடைப்பு இருப்பதை வாயாலும் சொன்னான். படிவத்தை வாங்கிக் கோப்பில் செருகினார்களே தவிர, அங்கிருந்த ஒருவரும் அதை வாசிக்கவில்லை. கீழே போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொன்னார்கள்.

சரியாகாது. நீர்மட்டத்தில் இருக்கும் அழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் இரு மடங்காகிறது. நடுச்செவிக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்குகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி, தொண்டையிலிருந்து காதுக்குச் செல்லும் குழாய் வழியாகக் காற்றை அனுப்பி அந்த இழப்பை ஈடுசெய்தால்தான் செவிப்பறை உள்வாங்காமல் இருக்கும். சளி பிடித்தவருக்கு அந்தக் குழாய் வீங்கி அடைத்துக்கொள்கிறது. முதல் சில மீட்டர்களிலேயே வலி தொடங்குவதும் இதனால்தான். வலி வந்தால் சற்று மேலேறி மறுபடியும் முயல வேண்டும். அப்போதும் காது திறக்கவில்லையென்றால் டைவை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

தம்பிக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே பயிற்றுநர். அவர் ஆளுக்கொரு கையால் எங்கள் சிலிண்டர்களின் தலையைப் பிடித்து அழுத்திக்கொண்டே கீழே கொண்டுபோனார். படகில் வரும்போது, கேமரா தெரிந்தால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுங்கள், படம் நன்றாக வரும் என்று சொல்லியிருந்தார். நீருக்கடியில் அந்தச் சைகைக்கு ‘மேலே போக வேண்டும்’ என்பதுதான் பொருள். வலி தாங்காமல் தம்பி காதைத் தொட்டுக் காட்டி, கட்டைவிரலை மேல்நோக்கி உயர்த்தினான். எதிரே கேமராவுடன் இருந்தவர் அதைத் திருப்பி அவனைப் படம் எடுத்தார். முகக்கண்ணாடிக்குள் கண்களை இறுக மூடி, விரலை உயர்த்தியிருக்கும் அந்தப் படம் இப்போதும் எங்களிடம் இருக்கிறது. மேலே வந்தபோது அந்த முகக்கண்ணாடியில் (மாஸ்க்) இரத்தம் கலந்த சளி தேங்கியிருந்தது. அழுத்தத்தால் நடுச்செவியில் காயம் ஏற்பட்டிருப்பதாகப் போர்ட் பிளேரில் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர் கூறி, விமானப் பயணத்தையும் தள்ளிப்போடச் சொன்னார்.

இதைவிடப் பெரிய ஆபத்திலிருந்து தற்செயலாகவே தப்பினோம் என்பது, பின்னர் புதுச்சேரியில் முறையாகப் பயிற்சி எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அங்கே முதல் பாடமே, நீருக்கடியில் ஒருபோதும் மூச்சைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதுதான். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பிய காற்று மேற்பரப்புக்கு வருவதற்குள் இரண்டு மடங்காக விரிகிறது. மூச்சை அடக்கியபடி மேலேறினால் நுரையீரல் கிழிந்து உயிரே போகலாம். பதறிப்போய் மேலேற முயலும் புதியவர் இயல்பாகச் செய்வதும் அதைத்தான். சொல்லித்தர ஒரு நிமிடம்கூட ஆகாத இந்த விதியை ஹேவ்லாக்கில் ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை.

பவளத்தைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. படத்துக்காக என்னை மண்டியிட வைத்த இடம் மணல் அல்ல, உயிருள்ள பவளம். அருகில் மான்கொம்பு போலக் கிளைத்திருந்த ஒரு பவளத்தில் பயிற்றுநர் காலில் மாட்டியிருந்த துடுப்பு மோதியதும் ஒரு கிளை முறிந்து விழுந்தது. முறிந்த இடம் சுண்ணாம்பாக வெளுத்துத் தெரிந்தது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பாறை போல வளரும் பவள வகைகள் பல ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். கடல்நீர் சூடேறியதால் 2010-இலும் 2016-இலும் வெளுத்து, பேரிழப்பைச் சந்தித்தவை அந்தமானின் பவளப்பாறைகள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலி இடம்பெற்றுள்ள அதே முதல் அட்டவணையில்தான் பாறை உருவாக்கும் பவளங்களும் இருக்கின்றன.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, எல்லாப் பொறுப்பும் உங்களுடையதே என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள் என்றது நிறுவனம். நான் முன்பதிவு மட்டும்தான் செய்து தருகிறேன் என்றார் முகவர். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். இதுவரை முடிவு வரவில்லை.

முன்பதிவு செய்திருப்பவர்கள் பணம் கட்டும் முன், நீருக்குள் இறக்கப்போவது எந்த நிறுவனம், உங்களோடு வரும் பயிற்றுநருக்குச் செல்லுபடியாகும் சான்றிதழ் இருக்கிறதா, ஒருவர் எத்தனை பேரைக் கவனிப்பார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படிவத்தில் ‘ஆம்’ என்று எழுதினால் மருத்துவரின் ஒப்புதல் கேட்கிறார்களா என்று பாருங்கள். இடுப்பளவு நீரில் மாஸ்க்கிலிருந்து தண்ணீரை வெளியேற்றுவதையும், வாயில் கவ்விச் சுவாசிக்கும் ரெகுலேட்டர் நழுவினால் அதை மீட்பதையும், காது அடைப்பை எடுப்பதையும் நீங்களே செய்துகாட்டும் வரை ஆழத்துக்குப் போக மறுத்துவிடுங்கள். எங்கள் படகில் மீன்களைக் கேமரா முன் கூட்டுவதற்காக ஒரு தண்ணீர் பாட்டிலில் ரொட்டித் துண்டுகளை அடைத்து வைத்திருந்தார்கள். படத்துக்காக எதையும் செய்பவர்கள் என்பதற்கு அதுவே அடையாளம். அப்படி ஒரு பாட்டில் உங்கள் கண்ணில் பட்டால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, அந்தப் படகில் ஏறாதீர்கள்.