சர்க்கரைத் திராட்சை: வெள்ளைக்கருவா, ஜீராவா?

கிறிஸ்துமஸ் கேக்கின் மேல் பனி படிந்தாற்போல் மினுங்கும் சர்க்கரைத் திராட்சையைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. வெள்ளைக்கருவை மெல்லப் பூசிச் சர்க்கரை தூவலாம். அல்லது ஜீராவில் முக்கி, பிசுபிசுப்பு வந்ததும் சர்க்கரையில் புரட்டலாம். செய்த சூட்டில் பார்த்தால் இரண்டும் அழகுதான். செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சென்னை, தூத்துக்குடி, நாகர்கோவில் போன்ற கடலோர ஊர்களில் டிசம்பரில் செய்வதென்றால் என் ஓட்டு வெள்ளைக்கருவுக்கே. காரணம் ஒன்றுதான்: கசிவு.

காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 85 சதவீதத்தைத் தாண்டினால் சர்க்கரை தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை ஓயாத காலைகளில் அந்த அளவை எட்டுவது சாதாரணம். ஜீராவோ சரிபாதி தண்ணீர். மேலே தூவிய சர்க்கரையில் ஒரு பங்கை அது முதலில் கரைத்துக்கொள்ளும். பிறகுதான் உலர வேண்டும். ஈரக்காற்றில் அது உலருவதே இல்லை. இரவு முத்து முத்தாக இருந்த பழம், காலையில் தட்டில் ஒரு குட்டையின் நடுவே உட்கார்ந்திருக்கும். வெள்ளைக்கருவும் பெரும்பாலும் தண்ணீரே. ஆனால் பூசுவது மிக மெல்லிய படலம். அதிலுள்ள புரதம் காய்ந்து தோல்போல் இறுகிச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் கிரான்பெரியை ஜீராவில் முக்கிச் செய்கிறார்கள், நன்றாகவே வருகிறது. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்று வறண்டு கிடக்கும். டொராண்டோவில் இருப்பவர்கள் தாராளமாக ஜீராவைத் தேர்ந்தெடுக்கலாம். இரவு முழுக்க ஊறினால் கிரான்பெரியின் புளிப்பும் சற்று அடங்கும். அதே குறிப்பை மயிலாப்பூரில் அப்படியே செய்துவிட்டுச் சர்க்கரையைத் திட்டிப் பயனில்லை.

வெள்ளைக்கரு முறைக்கு: 250 கிராம் விதையில்லாத் திராட்சை, ஒரு வெள்ளைக்கரு, ஒரு டீஸ்பூன் தண்ணீர், 150 கிராம் சர்க்கரை. நம் கடைச் சர்க்கரை பருமன். மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டு ரவைப் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். மாவாகிவிட்டால் ஈரத்தில் பசையாகிவிடும். காம்பு விட்டுப்போன, கீறிய பழங்களை ஒதுக்குங்கள். அந்தத் துளை வழியே சர்க்கரை சாற்றை வெளியே இழுத்துவிடும். நறுக்கிய பழம் எதுவும் இதற்கு ஆகாததும் அதனால்தான். கழுவித் துடைத்து, மின்விசிறியடியில் துணிமேல் இரண்டு மணி நேரம் விடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழமானால் குளிர் முழுக்க விட வேண்டும், இல்லையேல் மேலே வியர்க்கும்.

வெள்ளைக்கருவை முள்கரண்டியால் இழை உடையும்வரை கலக்கினால் போதும். நுரை பொங்க அடித்தால் திட்டுத் திட்டாக ஒட்டும். பிரஷ்ஷால் பூசி, சர்க்கரையை மேலிருந்து தூவுங்கள். கிண்ணத்தில் போட்டுப் புரட்டினால் நாலாவது பழத்துக்குள் கிண்ணத்துச் சர்க்கரையே கட்டியாகிவிடும். கம்பி வலையில் மூன்று, நான்கு மணி நேரம் உலரட்டும். ஏசி அறை இருந்தால் அங்கே வைப்பதே உத்தமம். வெயில் வேண்டாம்.

பச்சை முட்டை என்பது இதன் நிஜமான குறை. சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமியின் பயம் இருப்பதால் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் சாப்பிடப் போகும் தட்டுக்குப் பாஸ்சரைஸ் செய்த (சூடாக்கிக் கிருமி நீக்கிய) உலர் வெள்ளைக்கருப் பொடியை எடுங்கள்: இரண்டு டீஸ்பூன் பொடிக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர் சேர்த்தால் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவுக்குச் சமம். முட்டையே ஆகாத வீட்டில் கொண்டைக்கடலை வேகவைத்த நீரைப் பாதியாகச் சுண்டவைத்துப் பூசலாம். உலர நேரம் கூடுதல். ஒரு மாலை விருந்துக்குத் தாங்கும், அதற்கு மேல் நான் உறுதி சொல்ல மாட்டேன்.

ஜீராவில்தான் செய்வேன் என்பவர்களுக்கு: சர்க்கரையும் தண்ணீரும் ஒரு கப்புக்கு ஒரு கப், கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். கம்பிப் பதம் வேண்டாம், அது கட்டியாக ஒட்டும். வெதுவெதுப்பாக ஆறிய பிறகே பழத்தைப் போடுங்கள். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் தோல் வெடிக்கும். வடித்து ஒரு மணி நேரம் கழித்துப் புரட்டி, அரை மணியில் இன்னொரு முறை. குலாப் ஜாமூன் பழக்கத்தில் பாகில் எலுமிச்சை பிழிந்து விடாதீர்கள். அங்கே பாகு உறையாமலிருக்க அது உதவுகிறது. இங்கே நமக்கு வேண்டியது உறைவதுதான். புளிப்போடு கொதித்தால் சர்க்கரையில் கொஞ்சம் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரியும். ஃப்ரக்டோஸ் ஓரளவு வறண்ட காற்றிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும்.

எந்த வழியில் செய்தாலும் முடித்த பழத்தை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்த ஐந்தே நிமிடத்தில் பனித்துளி படிந்து சர்க்கரை வழியும். பிளம் கேக் வெளியில் இருப்பதால் சிக்கல் இல்லை. கிரீம் கேக் என்றால், வெட்டுவதற்குச் சற்று முன்புதான் பழத்தை மேலே அடுக்க வேண்டும். இரண்டு நாள் முன்பே அலங்காரத்தை முடித்தாக வேண்டுமா? திராட்சையை மறந்துவிட்டு, மூன்று முறை வேகவைத்து நீர் வடித்துப் பாகில் ஊறவைத்து உலர்த்திய ஆரஞ்சுத் தோலுக்குப் போங்கள்.