வேகன்ஆரில் பெட்ரோல் செலவைக் குறைத்தது எப்படி: சில வருட அனுபவம்

என்னுடையது வேகன்ஆர் 1.2 பெட்ரோல், மேனுவல் கியர், பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி. வீடு கூடுவாஞ்சேரி, வேலை கிண்டி. ஜி.எஸ்.டி. ரோட்டில் போக வரவே மாதம் 1,200 கிலோமீட்டர் சுமாராக ஓடிவிடும். அதுபோக, அவ்வப்போது திருச்சிக்குப் போய் வருவோம். கம்பெனி கணக்கில் மைலேஜ் லிட்டருக்கு 20.52 கிலோமீட்டர். ஆபீஸ் ஓட்டத்தில் ஆரம்பத்தில் எனக்குக் கிடைத்தது 13. இப்போது அதே ரோட்டில், அதே நெரிசலில் 16 வருகிறது. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 17 லிட்டர், அதாவது 1,700 ரூபாய் மிச்சம். இதற்காக வண்டியில் புதிதாக எதையும் மாட்டவில்லை.

முதலில் அளக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதை நம்பித்தான் இருக்கிறது. டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரை ஜீரோ ஆக்கி, அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். எப்போதும் ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப். ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தச் சொல்லிவிடுவேன். "ரவுண்டா போட்டுரவா சார்?" என்று கேட்பார்கள், வேண்டாம் என்றுவிடுவேன். வேகன்ஆர் டேங்க் 32 லிட்டர்தான். ஒருமுறை அரை லிட்டர் கூடக் குறையப் போனாலே கணக்கு மாறிவிடும். மேலும், கழுத்து வரை திணித்தால் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கேனிஸ்டருக்கும் கேடு. டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நான் எடுத்துக்கொள்வதில்லை. என் வண்டியில் அது எப்போதும் நிஜத்தை விடக் கொஞ்சம் கூட்டியே காட்டுகிறது. அளவில் சந்தேகம் வந்தால் பங்க்கில் ஐந்து லிட்டர் அளவுக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லலாம், அது நம் உரிமை.

டவுனுக்குள் பணம் போவது பிரேக்கில். எல்லோரும் ஆக்சிலரேட்டரைத்தான் குறை சொல்கிறார்கள். ஆனால் பெட்ரோலை எரித்து வண்டிக்குக் கொடுத்த வேகத்தை பிரேக் போடும்போது சூடாக்கி வீணடிக்கிறோம், பிறகு அதே வேகத்துக்கு மறுபடி எரிக்கிறோம். எனவே நான் மாற்றிய முதல் விஷயம், முன்னே போகும் வண்டியோடு விடும் இடைவெளி. குரோம்பேட்டை சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்தாலே கியரை மாற்றாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவேன். வண்டி தானாக வேகம் குறைந்து வரும். பாதி நாள் நான் போய்ச் சேர்வதற்குள் பச்சை விழுந்திருக்கும். இரண்டாவது கியரில் அப்படியே நகர்ந்து போய்விடலாம். நின்று, முதல் கியரில் கிளம்புவதுதான் செலவு. இடைவெளி விட்டால் ஆட்டோவும் டூவீலரும் புகத்தான் செய்யும். புகட்டும். இப்படி ஓட்டியும் ஆபீஸ் போய்ச் சேரும் நேரம் மாறவில்லை. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை நெரிசலில் மட்டும் எந்த வித்தையும் பலிப்பதில்லை.

இங்கே ஒரு விஷயம். காலை எடுத்ததும் நியூட்ரலுக்குத் தள்ளினால் மிச்சம் என்று இன்னமும் சொல்கிறார்கள். அது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்ஜெக்ஷன் வண்டியில் (கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோலைத் தெளிக்கும் வகை) கியரோடு காலை எடுத்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் போயாக வேண்டும். ஏற்காடு மாதிரி மலை இறக்கத்தில் நியூட்ரல் போடுவது உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஹைவே கதை வேறு. அங்கே பிரேக் வேலை குறைவு, எதிரி காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடும். மணிக்கு 85 கிலோமீட்டரில் இருந்து 105-க்குப் போனால் வேகம் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கூடுகிறது, எதிர்ப்பு ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. உயரமான பெட்டி மாதிரி இருக்கும் வேகன்ஆருக்கு இது நன்றாகவே உறைக்கும். திருச்சிக்கு 105-இல் போனால் எனக்கு 17, 18 கிடைக்கும். 85-இல் பிடித்துப் போனால் 22. ஒரு வழிக்கு மூன்று லிட்டருக்கு மேல் வித்தியாசம். நேரத்தில் அரை மணிக்குக் கொஞ்சம் கூட. விக்கிரவாண்டி டோலில் நல்ல கூட்டம் இருந்தால் அந்த வித்தியாசமும் சுருங்கிவிடும். குழந்தைகளோடு போகும்போது 85 எனக்கு எல்லா வகையிலும் சரி.

ஏசியை நான் அணைப்பதில்லை. சென்னை மே மாதத்தில் அது நடக்காது. வெயிலில் நின்ற வண்டியில் முதல் சில நிமிடம் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு, அப்புறம் ஏசி போட்டு உள்காற்றிலேயே வைக்கிறேன். டயர் காற்றை வாரம் ஒருமுறை காலையில், வண்டி எடுக்கும் முன் பார்ப்பேன். அளவு டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருக்கிறது. சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, கடைக்குக் கடை மீட்டர் வேறு வேறு காட்டுகிறது. நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு தர வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எஞ்சின் ஆயில் மேனுவலில் உள்ள கிரேடுதான். கெட்டியான ஆயில் ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

நோட்டில் எழுதி வந்ததன் அருமை போன வருடம்தான் முழுதாகத் தெரிந்தது. 16 வந்துகொண்டிருந்த வண்டி அடுத்தடுத்த டேங்க்கில் பதிமூன்றரைக்கு இறங்கியது. சர்வீஸ் சென்டரில் காட்டினால், "இ20 பெட்ரோல் சார், எல்லாருக்கும் இப்படித்தான்" என்றார்கள். இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜ் குறையும் என்பது உண்மைதான். பழைய வகை கார்களில் இ20 போட்டால் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. ஆனால் என் வண்டி ஏற்கெனவே 10 சதவீத எத்தனாலில் ஓடியது. அது 20 ஆனதற்கு இன்னும் ஒரு 3 சதவீதம் போகலாம், லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர். மீதி இரண்டு கிலோமீட்டர் எங்கே போனது?

அன்று வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தேன். மூன்று வெதுவெதுப்பு. முன்பக்க இடது சக்கரத்தில் மட்டும் கை வைக்க முடியாத அனல், லேசான தீய்ந்த வாடை. தெரிந்த மெக்கானிக் கழற்றிக் காட்டினார். பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர உதவும் கம்பி (pin) துருப்பிடித்து இறுகி, பிரேக் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. சுத்தம் செய்து கிரீஸ் வைத்து மாட்டினார். அடுத்த டேங்க்கிலேயே பதினைந்தரை வந்துவிட்டது. செலவு சில நூறு ரூபாய்தான். உங்கள் வண்டியில் மைலேஜ் திடீரென்று விழுந்தால் இ20 என்று விட்டுவிடாமல் இந்தக் கை சோதனையை முதலில் செய்து பாருங்கள். அதில் எதுவும் இல்லையென்றால் அலைன்மென்ட், தெர்மோஸ்டாட், ஆக்சிஜன் சென்சார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லலாம்.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் ஊற்றும் பாட்டில், சார்ஜர் துளையில் செருகும் மைலேஜ் கருவி, இவற்றில் ஒன்றுக்கும் பணம் கொடுக்காதீர்கள். ஏர் ஃபில்டரை அழுக்கானால் மாற்றுங்கள், ஆனால் அதனால் மைலேஜ் ஏறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இன்ஜெக்ஷன் வண்டியில் அடைத்த ஃபில்டர் இழுவையைத்தான் குறைக்கும்.

டயர் தேய்ந்துவிட்டது, அடுத்து அதை மாற்ற வேண்டும். அகலமான டயர் போட்டால் பார்வையாக இருக்கும் என்கிறார்கள் கடையில். கம்பெனி கொடுத்த அதே அளவுதான் போடப்போகிறேன். புது டயர் பழகும் வரை மைலேஜ் கொஞ்சம் குறையும் என்பதால் முதல் இரண்டு மூன்று டேங்க்கைக் கணக்கில் சேர்க்கப் போவதில்லை.